ரோலரில் சுற்றியிருந்த முடி

ஏட்டி, சுகமா இருக்கியா? தலைவலி விட்டுதா? நான் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே உன் வேக்குவம் கிளீனர் மல்லாந்து கிடக்கிறது.

நாளை உனக்கு ஆண்டுத் திதி. ஆட்கள் வருவார்கள் என்று மருமகள் காலையில் அதைப் பரணிலிருந்து இறக்கினாள். மோட்டார் இரைந்தது, அடியிலிருக்கும் பிரஷ் ரோலர் மட்டும் சுற்றவில்லை; புரட்டிப் பார்த்தால் முடி சிக்கிக் கிடந்தது.

மகன் மஸ்கட்டிலிருந்து இதைக் கொண்டுவந்த அன்றே நான் வாசலில் கிடந்த கயிற்று மிதியடிமேல் ஓட்டினேனே, ஞாபகமிருக்கிறதா? தும்பு முழுக்க ரோலரில் ஏறி, பெல்ட் கருகி, வீடெல்லாம் நாற்றம். கோட்டாற்றுக் கடைக்காரர் பெல்ட்டை மாற்றிக் கையில் தந்து, "அண்ணாச்சி, கயிறு திரிக்கணும்னா அதுக்கு வேற மிஷின் உண்டுல்லா" என்றார். பஸ் ஏறிய பிறகும் நீ சிரிப்பை அடக்கவில்லை.

அந்த அனுபவம் இருக்கிற திமிரில்தான் வாயை விட்டேன். சமையலுக்கு வந்த பெண்கள் எல்லோரும் கேட்க, "முடிய விரிச்சுப் போட்டுட்டு நடந்தா ரோலர் எப்படி மக்கா சுத்தும்? உங்க அத்தை இருந்தப்ப இந்த வீட்டுல ஒரு முடி கெடந்து பாத்திருக்கியா?" என்று மருமகளைக் கேட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"இல்ல மாமா."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

ஸ்குரூவைக் கழற்றி, ரோலரை உருவி, பிளேடால் கீறினேன். கொத்தாக வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பாதி நரை. நுனியில் மருதாணிச் சிவப்பு. அவளுக்கோ கன்னங்கரேல் என்ற முடி. நீ போனபின் இன்று காலைவரை அவள் இந்த மிஷினைத் தொட்டதுமில்லை, வாரியலால்தான் பெருக்குகிறாள்.

ஆஸ்பத்திரியில் உனக்கு மருந்து ஏற்றிய மாதங்களில், நான் டீக்கடையிலிருந்து திரும்பும்போதெல்லாம் இது இரைந்துகொண்டிருக்கும். நீ தலையில் துண்டு கட்டியிருப்பாய். "வெள்ளனே என்னட்டி இரைச்சல்?" என்று கத்துவேன். "தூசியா கெடக்குல்லா" என்பாய். கொட்டிய முடி என் கண்ணில் படக்கூடாது உனக்கு. குனிய முடியாத உனக்காக இதைப் பிடித்து ஓட்டியது யார்? அவள்தானே. அதை இன்றைக்கும் சொல்லாமல், "இல்ல மாமா" என்று போயிருக்கிறாள்.

ரோலர் இப்போது விரலால் தட்டினாலே சுற்றுகிறது. முடியைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சீப்பில் வந்ததை நீ தெங்கு மரத்து மூட்டில் போடுவாய்; எனக்கு அங்கே போட மனம் வரவில்லை. மிஷினை எடுத்துக்கொண்டு உள்ளே போகவும் கால் எழவில்லை. அந்தப் பெண்கள் எல்லோரும் இன்னும் அங்கேதான் தேங்காய் துருவுகிறார்கள். அத்தனை பேர் கேட்கப் பேசினவன், அத்தனை பேர் கேட்கத்தானே இதையும் சொல்ல வேண்டும்? 'மக்கா, அது உனக்க முடியில்ல, உங்க அத்தைக்க முடியாக்கும்' என்று...

"மாமா, ரோலர் சுத்துதா?"

"சுத்துது மக்கா. இந்தா வாறேன்." ஏட்டி, நீயும் கொஞ்சம் என்கூட வா.