சாமி மலைக்குக் குறுக்கே பெயிண்ட் பால்

2.2.2025, ஞாயிறு

இன்னைக்கு ஊட்டுல இருந்தது நான் அத்தாயி, என் மகன் பிரபாகர், மருமகள் கௌரி, பேத்தி ரம்யா, என் கொழுந்தன் பொன்னுவேல். வேற யாரும் இல்லை. நாளைக்கு எவனாவது "நான் அப்படிச் சொல்லவே இல்லை"ன்னு சொன்னா இந்தப் பக்கத்தைக் காட்டுவேன். மூணாவது வரைக்கும் படிச்சது இதுக்காவது ஆகட்டும்.

கௌரிதான் பேச்சை எடுத்தா. ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்டுல பெயிண்ட் பால் விளையாட வர்றவங்களுக்கு முகமூடி கழுவிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. சாயம் அடைச்ச உருண்டையைத் துப்பாக்கியில போட்டு ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிற ஆட்டம் அது. மேல சாயம் பட்டா அவுட்டு. கூட்டம் போனப்புறம் வேலைக்காரங்களோட இவளும் ஆடிப் பழகி, போன வருசம் பெங்களூர்ல போட்டிக்குப் போய் கப்பு வாங்கிட்டு வந்தா. மேனேஜர் கிறிஸ்துதாஸ் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நல்லதும்மா, முகமூடியெல்லாம் காஞ்சுதா?"ன்னு கேட்டானாம். அவனையும் மனசுல வச்சிருக்கேன்.

இப்ப நம்ம சரிவுல, காப்பிச் செடி பட்டுப்போன இடத்துல, சொந்தமா மைதானம் போடணுங்கிறா. அந்த நிலம் எனக்கும் பொன்னுவேலுக்கும் பொது. அவன் சம்மதிக்காம ஒரு கம்பு நட முடியாது.

"ஏனுங்க அண்ணி, பொட்டப் புள்ள துப்பாக்கி தூக்கறதா? அதுவும் சாமி இருக்கிற சேர்வராயன் மலையைப் பார்த்துச் சுடறதா?"ன்னான்.

"அதுவும் சரிதானுங்க சித்தப்பா" — என் மகன். இவன் யார் சொன்னாலும் சரி சொல்லுவான். கௌரி சொன்னப்பவும் சரின்னவன்தான்.

கௌரி டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டா. அந்த முதுகைப் பார்க்க எனக்கு ஆகலை.

9.2.2025

பொன்னுவேல் வரலை. ஆள்கிட்ட ஆரஞ்சு கொடுத்தனுப்பியிருக்கான். பதில் கேட்டா பழம் வருது. தின்னோம். நல்லாத்தான் இருந்துது.

3.3.2025, திங்கள்

கௌரி லேசுப்பட்டவ இல்லை. பொன்னுவேலைக் கையோட சரிவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. நானும் பின்னாலயே போனேன், இல்லேன்னா யார் சாட்சி?

கயிறு கட்டிக் காட்டினா. மைதானத்தைக் குறுக்கால திருப்பிட்டா. ஒரு கட்சி கிழக்க, ஒரு கட்சி மேக்க. சாமி மலை பக்கவாட்டுல போயிருச்சு. அந்தப் பக்கம் பூரா வலை. "எவன் துப்பாக்கியும் மலையைப் பார்த்துத் திரும்பாதுங்க மாமா."

பொன்னுவேல் கிழக்க ஒரு தடவை நின்னு பார்த்தான், மேக்க ஒரு தடவை நின்னு பார்த்தான். மலையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"சரி போட்டுக்க. ஆனா ஒண்ணு. இதனால நம்ம குடும்பத்து மரியாதைக்கு ஒரு குறை வந்துது, அன்னைக்கே வேலியைப் புடுங்கிருவேன்."

எழுதிட்டேன். அவன் சொன்னது சொன்னபடி.

4.3.2025

கௌரி ரிசார்ட்டு வேலையை விட்டுட்டா. இனி இது ஒண்ணுதான் அவளுக்கு.

22.4.2025, செவ்வாய்

என்னன்னு எழுத. நேத்து மழையில ஊட்டுப் பக்கத்துச் சாயிப்புக் கூரை ஒழுகி, ஆட்டத்துக்கு வாங்கி வச்ச சாய உருண்டைப் பெட்டி ஓரமெல்லாம் ஈரம். கௌரி சேலத்துக்குப் போயிருந்தா. காலையில நல்ல வெயில். ஈரமான சரக்கை என்ன செய்வாங்க? காப்பிக் கொட்டையை என்ன செய்வோமோ அதைத்தான் செஞ்சேன். களத்துல தார்ப்பாய் விரிச்சுக் கொட்டி, காய வச்சு, அப்பப்பப் போய் பலகையால துழாவியும் விட்டேன். மொதல்ல உருண்டுச்சு. அப்புறம் உருளலை. அப்புறம் பலகையே வரலை, ஒட்டிக்கிச்சு.

அந்த உருண்டைத் தோல் வெயிலுக்கு இளகிருமாம்! எனக்கு யார் சொன்னா? மஞ்சளும் நீலமுமா களம் பூரா கூழு. அது மேல எங்க கோழிங்க நடந்து, ஊட்டுக்குள்ளயும் நடந்து...

கௌரி வந்து பார்த்தா.

"அத்தை, இது என்னங்க?"

"காயப் போட்டேன் சாமி."

அப்படியே உக்காந்துட்டா. அழுவறான்னு நினைச்சுப் பக்கத்துல போனா, சிரிக்கிறா. "ஆயா, நம்ம கோழிக்கு நீலக் காலு!"ன்னு ரம்யா கத்த, கௌரிக்கு இன்னும் அடக்க முடியலை. சிரிச்சு முடிச்சுதான் அழுதா. வர்ற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை திறக்கறதா ஊரெல்லாம் சொல்லியாச்சே.

30.4.2025

வேற பெட்டி பஸ்ஸுல வந்துருச்சு. எனக்கு எட்டாத உயரத்துல வைக்கிறா. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

3.5.2025, சனி

திறந்தாச்சு. சேலத்துல இருந்து காலேஜ் பசங்க பொண்ணுங்க வேன்ல வந்தாங்க. கௌரி விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னா பாரு, எஸ்டேட் தொரை தோத்தான்.

ஒரு கட்சிக்கு ஒரு ஆள் குறைஞ்சுது. "தாத்தா, நீங்க வாங்க!"ன்னு வெள்ளை வேட்டியோட வேடிக்கை பார்த்த பொன்னுவேலை இழுத்துட்டுப் போயிட்டாங்க. மொதல்ல வெக்கப்பட்டான். முகமூடி மாட்டினதும் ஆளே மாறிட்டான். மரக்கட்டைக்குப் பின்னால பதுங்கறதென்ன, எட்டிப் பார்க்கறதென்ன. நானே கை தட்டினேன்.

அப்புறம் ஒரு பொண்ணு சுட்டது அவன் தோள்ல பட்டுது. மஞ்சள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ன நானே பார்த்தேன். அவன் இந்தண்டை அந்தண்டை பார்த்தான். துண்டால துடைச்சான். மறுபடி சுட ஆரம்பிச்சான்.

"ரெஃப்ரி! தாத்தா துடைச்சுட்டாரு!"

இந்த ஆட்டத்துல அதுதான் பெரிய கேவலமாம், சாயத்தைத் துடைச்சுட்டு ஆடறது. கௌரி விசில் அடிச்சா. எல்லாரும் நின்னுட்டாங்க.

"எனக்கு எங்க பட்டுது? அது வேர்வை" — பொன்னுவேல்.

"விடு கௌரி... பெரியவரு... ஆட்டம்தானே" — பிரபாகர்.

கௌரி அவனை வெளிய போன்னு சொன்னா வேலி போச்சு. சொல்லலைன்னா இந்தப் புள்ளைங்க கீழ போய், அது கள்ள ஆட்டம் ஆடற இடம்னு சொல்லும். அப்பவும் வேலி போனது போனதுதான்.

"துண்டைக் காட்டுங்க மாமா."

துண்டு பூரா மஞ்சள்.

"அவுட்டுங்க மாமா. வெளிய வாங்க." சத்தம் போடலை. மத்தவங்களுக்குச் சொன்ன அதே குரல்.

வந்தான். முகமூடியைக் கழட்டி வச்சான். "தண்ணி குடிக்கிறியா பொன்னுவேலு?"ன்னேன். என்னைத் தாண்டிப் போயிட்டான்.

4.5.2025, ஞாயிறு

விடிஞ்சதும் சரிவுல சத்தம். ஓடினேன். பொன்னுவேல், கையில கடப்பாரை. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். கௌரியும் செருப்பு போடாம ஓடி வந்தா.

வேலியைத் தொடவே இல்லை அவன். மைதானத்து நடுவுல குழி தோண்டிக்கிட்டிருந்தான்.

"நேத்து அந்தப் புள்ள இந்தச் சந்துல இருந்துதான் என்னைச் சுட்டுச்சு. இங்க ஒரு மறைப்பு வேணும்"னான். அப்புறம் கௌரியைப் பார்க்காமலே, "பெரிய மனுசன்னு பார்க்காம வெளிய அனுப்பிட்டியே கண்ணு."

"யாரா இருந்தாலும் அப்படித்தானுங்க மாமா."

"அதான். துடைச்சது நான். நம்ம மரியாதையைக் கெடுத்ததும் நான்தான், நீ இல்லை." கடப்பாரையை ஓங்கி ஒரு போடு போட்டான். "இன்னைக்கு ஆள் குறையுதா?"

மத்தியானம் நேத்து வந்த பொண்ணு போன் பண்ணுச்சு. அடுத்த வாரம் ரெண்டு வேன் வருதாம். சொந்தக்காரரையே வெளிய அனுப்பின ரெஃப்ரியைப் பார்க்கணுமாம். கௌரி போனை வச்சுட்டு என்னைக் கட்டிப் பிடிச்சா. நொம்ப நாளாச்சு என்னை யாரும் அப்படிப் பிடிச்சு.

பொன்னுவேலை மன்னிச்சாச்சு. அந்தக் கிறிஸ்துதாஸைக் கூட இன்னைக்கு மன்னிக்கலாம் போல இருக்கு.

ஆனா அத்தனை பேர் முன்னால அவ தனியா நின்னப்ப, கட்டினவன் வாயில இருந்து வந்தது என்ன? "விடு கௌரி." இன்னைக்குத் தோசை சுட்டுப் போட்டேன், நல்லா தின்னான். சோறு வேற, இது வேற. பெத்தவளே எழுதறேன், மன்னிக்க மாட்டேன். பேரு பிரபாகர்.