காதோடு சொன்ன பெயர்

2007 ஜூலை, செவ்வாய் இரவு.

மொழிபெயர்ப்பாளர் வேலையில் எனக்கு இன்னும் தகுதிகாண் காலம்தான். இன்று அகதி முகாமில் ஒரு தாய், தன் மகனைப் பிடித்துக் கொண்டுபோனவனின் பெயரை என் காதோடு சொன்னார். கூடாரத்து வாசலில் துவக்கைத் தோளில் மாட்டியபடி ஒருவன் நின்றான். ஆங்கிலத்தில் சொன்னாலும் பெயர் பெயர்தானே, அவனுக்கு விளங்கிவிடும். மகனைக் காணவில்லையாம் என்று மட்டும் விசாரிக்க வந்த வெள்ளைக்கார அதிகாரியிடம் சொன்னேன்.

"அந்தப் பேரச் சொன்னயா மனே?" என்று அந்தத் தாய் என்னையும் மகனாக்கிக் கேட்டார்.

"ஓம் அம்மா" என்றேன். என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரும்பும்போது வாகனத்தில் சொல்லியிருக்கலாம். சாரதி எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாது. அதிகாரியோ என் வேலையைப் புகழ்ந்து, அடுத்த மாதமே நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்.

நாளை அவரிடம் தனியே சொல்லவேண்டும். இன்று ஏன் மறைத்தாய் என்று கேட்டால் வேலை போய்விடும். மனைவியிடம் நிரந்தரம் என்று சொல்லிவிட்டேனே.