மாப்பிள்ளைத் தொட்டி

இன்று காலை தேனாம்பேட்டை ஆபீஸில் உன் கருவியை ஓர் இலையில் கவ்வவிட்டேன். ‘பீப்’ என்றது. உடனே நீ பக்கத்தில் நின்று, “கையை ஆட்டாதடி, எருமை!” என்று அதட்டுவது போல இருந்தது. கேள், உனக்கு ஒரு பெரிய சேதி இருக்கிறது.

இலையின் பச்சையத்தை அளந்து, அதில் தழைச்சத்து எவ்வளவு என்று ஊகிக்க ஒரு கருவி! நீ அதை வாங்கி வந்த நாளில் நம் அடையாறு தோட்டத்தில் சிரிக்காத ஆளில்லை. நீ அசரவில்லை. ஒவ்வொரு வகைச் செடியிலும் ஒரு தொட்டிக்கு மட்டும் குறையே இல்லாமல் உரம் போட்டு வளர்த்தாய். அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். “கண்ணை நம்பாத. மாப்பிள்ளையை அள, அப்புறம் மத்ததை அள. அவரைவிட இறங்கியிருந்தா சாப்பாடு போடு” என்பாய். குரோட்டன்ஸின் மாப்பிள்ளையோடு மணி பிளான்ட்டை ஒப்பிட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்கத் திட்டு. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் “பீஸ் லில்லியை அளந்தியா?” என்றுதானே கேட்டாய், பாவி!

நீ போன பிறகு, நம்மிடம் வாடகைக்குச் செடி எடுத்த ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிஞ்சியது தேனாம்பேட்டைக்காரர்கள்தான். அவர்களும் போட்டி வைத்தார்கள். வரவேற்பறையில் ஒரு பக்கம் நம் பீஸ் லில்லி, எதிரே வேறொரு கம்பெனியுடையது. எது நன்றாக நிற்கிறதோ அவர்களுக்கே எல்லா மாடியும். தோற்றால் நம் தோட்டத்தை மூடவேண்டியதுதான்.

இரண்டு வரிசையும் கண்ணுக்கு ஒரே பச்சை. அளந்து பார்த்தால் நம்முடையது மாப்பிள்ளையைவிட இறங்கியிருந்தது. உரத்தைக் கரைத்து ஊற்றினேன். அங்கே பராமரிப்பு பார்க்கும் அண்ணன் ஓடிவந்தார்.

“இன்னாக்கா, நல்லாத்தானே கீது? எதுக்கு மருந்து ஊத்திக்கினு கீற?”

“பசிக்குதுண்ணே. முகம் வாடினப்புறமா சோறு போடுவாங்க?”

தலையில் அடித்துக்கொண்டு போனார். சில வாரங்களில் எதிர் வரிசையின் அடி இலைகள் மஞ்சளடித்தன. நம் பிள்ளைகளோ கரும்பச்சையாக, தெனாவட்டாக நின்றார்கள்.

இன்று நான் அளந்து முடித்ததும் மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். “எல்லா மாடியும் உங்களுக்குத்தான் மேடம்” என்றார். கண்ணியமாக நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆட்டோவில் ஏறியதும் அடக்க முடியவில்லை. “ஜெயிச்சாச்சு!” என்று கத்திவிட்டேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “யாரு ஜெயிச்சது, அக்கா?”

நீ போனதிலிருந்து உன் பெயரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்று அண்ணா சாலை இரைச்சலையும் மீறி, அவர் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன்.