கதவில் நிற்பது ராசம்மாக்கா

என் செல்ல அக்காவுக்கு,

நீ ஊரைவிட்டுப் போன பிறகு நம் செம்மநத்தத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டில் கலர் டிவி வந்திருக்கிறது. பஸ் வழக்கம்போல் நினைத்தால் வருகிறது. உன் ராசம்மாக்காவை மட்டும் சாமியாக்கிவிட்டார்கள். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

காப்பிக் களத்தை ஒட்டிய பழைய கிடங்கின் கதவில் வரைந்தாயே, அந்தப் படம்தான். பாதிப் பழம் பச்சை என்று ரைட்டர் கூடையைக் கவிழ்த்தபோது, உன்னோடு பழம் பறித்துக்கொண்டிருந்த ராசம்மாக்கா கொண்டை அவிழ, வாய் கிழியக் கத்தினாரே, அன்றைக்கு நீ வரைந்தது.

உனக்கு யாரும் வரையக் கற்றுக்கொடுக்கவில்லை. பார்த்ததை வீட்டுக்கு வந்து முதலில் உடம்பால் செய்து பார்ப்பாய். அன்றைக்கும் அடுப்படியில் கையை ஓங்கி, வாயைத் திறந்து, தோள் வலிக்கும்வரை நின்றாய். "ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று அம்மா திட்டினாள். "இரும்மா, அவிங்க கோவம் இன்னும் என் தோளுக்கு வரல" என்றாய். பாய் கடையில் மிச்சமிருந்தது சிவப்பு பெயிண்ட் மட்டும்தான். அதனால் சேலையும் சிவப்பு, கண்ணும் சிவப்பு.

அது போதாதா இவர்களுக்கு? நீ ஊரைவிட்டுப் போன அந்த மாதமே யாரோ எலுமிச்சம்பழம் செருகினார்கள். பிறகு மஞ்சள், குங்குமம். கற்பூரப் புகை ஏறி முகம் பாதி கறுத்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை போர்டு எழுதுகிறவரைக் கூட்டி வந்து ஓங்கிய கையில் சூலம் வரையப் போகிறார்களாம். வாயை மூடிச் சிரித்த முகமாக்குவார்களாம். நெஞ்சு எரிகிறது அக்கா. பெண் கத்தினால் ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் சாமி. நடுவில் ஒன்றுமே கிடையாதா?

"அது நம்ம ராசம்மாக்காங்க. எங்கக்கா வரைஞ்சது" என்று ஊர்ப் பெரியவரிடம் சொன்னேன். "உங்கக்கா கையில ஆத்தாளே எறங்கி வரைஞ்சிருக்கா கண்ணு. உனக்குத் தெரியாது சாமி" என்றார். பாராட்டுகிறாராம்! நீ நின்று நின்று நோகடித்துக்கொண்ட தோள் என்னவாயிற்று?

நேற்று நடந்ததைக் கேள். மத்தியானம் ராசம்மாக்கா எப்போதும்போல் அந்தக் கிடங்குப் படியில் காலை நீட்டிக்கொண்டு சோற்றுத் தூக்கைத் திறந்தார்.

"ஏனுங்க, ஆத்தா முன்னால காலை நீட்டலாமுங்களா? எந்திரிங்க" என்று விரட்டினார்கள்.

"அது நாந்தானுங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுந்து, படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் அக்கா. தன் முகத்தையே பார்த்து! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்குள் கதவைக் கழற்றிவிடலாம், ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கள் என்றேன். அவர் தயங்கினார்.

"நொம்ப பயமா இருக்குது கண்ணு. சாமி கோவிச்சுக்காதா?"

"கோவிச்சுக்கட்டுமுங்க. அந்தக் கோவம் உங்களுதுதானுங்களே."

அவர் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, "நான் எந்தப் பக்கம் புடிக்கோணும்?" என்று கேட்டார்.

கதவை நம் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம் அக்கா. கரியை மெல்லத் துடைத்தெடுப்பேன். சூலமும் ஏறாது, சிரிப்பும் ஏறாது. அதன் முன்னால் ராசம்மாக்கா காலை நீட்டிச் சாப்பிடுவார். இது உன் மேல் சத்தியம்.

உன் கோபத்தில் பாதிக்குப் பங்குக்காரியான தங்கை,
சரசு