எட்டாவது பெயர்

மார்ச் 3, திங்கள்
காலை ஐந்தரைக்கு ராணுவப் பயிற்சி அணிவகுப்பு. ஒன்பதுக்கு வேதியியல் ஆய்வகம். உடை மாற்ற நேரமில்லை, சீருடைமேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். “சண்டைக்குக் கிளம்பின மாதிரி வந்திருக்கியேம்மா, கண்ணாடிச் சாமானை உடைச்சிடாதே” என்றார் ஆய்வக உதவியாளர். உடைக்கவில்லை. எனக்குப் பட்டமும் வேண்டும், ராணுவ அதிகாரி வேலையும் வேண்டும். “ரெண்டுல ஒண்ணை விடு” என்று யாராவது சொன்னால் கெட்ட கோபம் வரும்.

மார்ச் 8
முதுகில் மூட்டையோடு பதினாறு கிலோமீட்டர். நான்தான் முதல்! அணியில் மற்ற எட்டுப் பேரும் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். வரைபடம் என்னிடம் இருந்ததால் வழி தவறிவிட்டார்களாம். என் பின்னாலேயே வந்திருக்கலாமே?

மார்ச் 10
இன்று ரகசியப் பட்டியல். ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேரை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். கேள்வி ஒன்றுதான்: ஆபத்து என்றால் யார் பின்னால் போவாய்? கூட்டிப் பார்த்து, கடைசி இரண்டு இடங்களில் இரண்டு முறை வருபவரைப் பயிற்சியிலிருந்து அனுப்பிவிடுவார்கள்.

எட்டாவதாகக் குண்டூசியை எழுதினேன். ஒல்லிக்குச்சி, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஆய்வகத்தில் என் ஜோடி, தங்கமான பையன். ஆனால் இடமா வலமா என்று கேட்டால் அப்படியே நின்றுவிடுவான்.

மார்ச் 12
நான் கடைசி. நான்! எனக்கு முந்தைய இடம் குண்டூசிக்கு.

மார்ச் 13
அம்மாவிடம் போனில் கத்தினேன். எல்லாருக்கும் என்மேல் பொறாமை என்றேன்.
“எட்டுப் பேருக்குமாடி?”
“நீ யார் பக்கம்மா?”
“உன் பக்கம்தான். அதான் கேக்கறேன்.”
வைத்துவிட்டேன். சாப்பிடவில்லை.

மார்ச் 17
ஆய்வகத்தில் குண்டூசியிடம் நேரிலேயே கேட்டேன். “நீயும் என்னைக் கடைசியில போட்டியா?”
பியூரெட் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆமா” என்றான். “மேப்பைக் கையில வெச்சுக்கிட்டு நீ பாட்டுக்கு ஓடிட்டே. உன் பின்னால எப்படி வர்றது? கண்ணுலயே படலையே.”
சண்டை போடத்தான் போனேன். அளவைக் குறித்துக்கொண்டு திரும்பினேன். வெட்கமாக இருக்கிறது — வேறென்ன எழுத? ஆனால் இதை விட்டு ஓடமாட்டேன். ஒருக்காலும் மாட்டேன்.

மார்ச் 22
கடைசி ஆளின் வேகத்தில் நடந்தேன். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நடந்தேன்.

மார்ச் 29
மறுபடியும். இன்று எரிச்சல் கொஞ்சம் குறைவு.

ஏப்ரல் 5
மழையில் பயிற்சி. ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் தலைமை. குண்டூசியின் முறை வந்தபோது ஓடையைக் கடந்தோம். ஒருத்தி வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குண்டூசி சிலையாக நின்றான். “ஏதாவது சொல்லுடா!” என்றேன். உதடு மட்டும் அசைந்தது. அதற்குமேல் காத்திருக்க முடியாது. அவளைத் தூக்கும்படி இரண்டு பேரிடம் சொன்னேன், அவள் மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன். ஒன்பது பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம், நாற்பது நிமிடம் தாமதமாக. பயிற்சி அதிகாரி வாங்கு வாங்கென்று வாங்கினார். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஏப்ரல் 7
இரண்டாவது பட்டியல். குண்டூசியை ஐந்தாவதாக எழுதினேன். அதை அடித்துவிட்டேன். பாவம், மகன் அதிகாரியாகப் போகிறான் என்று அவன் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். ஆனால் இவன் அதிகாரியானால் முப்பது பேர் இவன் பின்னால் போவார்களே? அந்த ஓடையில் நான் போவேனா? மாட்டேன். எட்டாவதாக எழுதினேன்.

ஏப்ரல் 9
நான் தப்பித்தேன். அவனை அனுப்பிவிட்டார்கள்.

நான் எழுதியதை அவனிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று ஆய்வகத்துக்குச் சீக்கிரம் போனேன். “ரெண்டு தடவையும் உன்னைக் கடைசியில எழுதினேன்.”
குடுவையைக் கழுவிக்கொண்டே இருந்தான். “இதை வந்து வேற சொல்லணுமா?”
“சொல்லணும்.”
“இந்தத் தடவை நான் உன்னை முதல்ல எழுதினேன்” என்றான். கோபமாகத்தான் சொன்னான்.
இன்னொரு குடுவையை எடுத்துக் கழுவினேன். பிறகு இருவரும் சோதனையை முடித்தோம்.

ஏப்ரல் 10
அணித் தலைமையை இந்த மாதம் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் வரிசையின் முன்னால் நின்று எண்ணச் சொன்னேன். ஏழோடு நின்றது. என்னோடு எட்டு.