ஆப்பிரிக்காவும் மூன்று பக்க மனுவும்

டிசம்பர் 9

மழை. ஐந்தாம் நாள். கூரையில் இரண்டு ஒழுக்கு. மேசையை நகர்த்தியாயிற்று.

என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதும் பூமிசாத்திரம், ஆப்பிரிக்கா அதிகாரம். பள்ளிக்கூட மானேஜர் கேட்டவை: மலை, நதி, சனங்கள், யாத்திரிகர் காணவேண்டிய இடங்கள். இந்த வாரத்துக்குள். நான் கண்ட தூரதேசம் கொழும்பு.

முடிந்தவை: சகாரா. பிரமிட். கிளிமஞ்சாரோ (பூமத்திய ரேகையருகே பனி, பிள்ளைகள் நம்பமாட்டார்கள்). மிச்சம்: நைல், கொங்கோ, சனங்கள்.

சனங்கள்: இங்கிலீஷ் புத்தகம் 'கறுத்தவர்கள்' என்பதோடு முடித்துக்கொள்கிறது. பேனா பிடித்த என் கையைப் பார்த்தேன். அந்த வரி வேண்டாம்.

மாலை மச்சான் வந்தார். அக்காவின் புருஷன், வாவிக்கு அக்கரை, படுவான்கரையில் எங்கள் வயல்வெளிக்கு, வட்டைக்கு, தண்ணீரும் வேலையும் மேற்பார்க்கும் வட்டவிதானை. இடுப்புவரை சேறு. வாவி நிரம்பிவிட்டது. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டினால்தான் வெள்ளம் கடலுக்கு வடியும். வெட்டக் கச்சேரித் துரையின் உத்தரவு வேண்டும். இங்கிலீஷில் மனு.

"பயிர் தண்ணிக்குள்ள தாண்டு ரெண்டு நாள். இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும். இப்பவே எழுது, மச்சான்."

"நைல் பாதியில நிக்குது."

"அது எங்கயும் ஓடிப்போகாது. மறுகா எழுது."

காலையில் தருகிறேன் என்றேன். நைலை முடித்துவிட்டுப் படுத்தேன்.

டிசம்பர் 10

மனு. மூன்று பக்கம். வாவியின் நீளம், வந்து கலக்கும் ஆறுகள், பருவக்காற்று, கரையோரக் குடிகள். திருப்தி.

காத்திருந்த மச்சானுக்கு நைலை வாசித்துக் காட்டியது தவறு. உழவர் வெள்ளத்துக்காகக் காத்திருப்பர், வடிந்த வண்டலில் விதைப்பர், என்று.

"அப்ப அங்க திட்டு வெட்டுறது ஆரு?"

எந்தப் புத்தகத்திலும் இல்லை. மனுவோடு தோணியேறிப் போனார்.

டிசம்பர் 11

மச்சான் திரும்பினார். கையில் பதில். வாவி பற்றிய விரிவான குறிப்புக்கு நன்றி, பத்திரப்படுத்தப்பட்டது.

"வெட்டச் சொல்லி எங்க எழுதின நீ?"

மூன்றாம் பக்கம். கடைசிப் பந்தி. கடைசி வாக்கியம். அதிலும், 'உசிதமெனத் தோன்றினால்'.

"இதப் படிச்ச துரை வாவியச் சுத்திப் பாக்க வந்தாலும் வருவார்."

யாரும் சிரிக்கவில்லை. உள்ளிருந்து அக்கா: "ரெண்டு பேரும் மழையில நிக்காம வாங்களன்!"

எரிச்சல். யார்மேல்? தெரியும்.

கொங்கோ எழுதிய தாளின் பின்புறம், இரண்டு வாக்கியம். பயிர் நான்கு நாளாகத் தண்ணீருக்குள். இன்றே வெட்ட உத்தரவு தாருங்கள். நானே கொண்டுபோனேன். துரை நின்றபடியே கையெழுத்திட்டார். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

டிசம்பர் 12

விடியலில் முகத்துவாரம். முப்பது பேர், மண்வெட்டிகள். நானும். பத்து வெட்டில் ஒருவர் பிடுங்கிக்கொண்டார். "பேனா பிடிக்கிற மாதிரிப் பிடிக்காதீங்க, மாஸ்டர்!"

முதலில் ஒரு முழ வாய்க்கால். மத்தியானத்துக்குள் அதுவே ஒரு ஆறாகிவிட்டது. வாவி மண்ணிறமாகக் கடலுக்குள் போனது. கூச்சல். கை முழுக்கக் கொப்புளம்.

டிசம்பர் 13

வெயில். தோணியில் வட்டைக்கு.

மேட்டுப் பக்கம் பயிர் தலைகாட்டுகிறது. பள்ளத்தில் அக்காவின் சீதனக் காணி. அழுகல் வாடை. ஒரு நாள் முந்தியிருந்தால்.

மச்சான் ஒரு பிடி பயிரைப் பிடுங்கி, முகர்ந்து, எறிந்தார். வரம்பில் கால் கழுவினார்.

"நைல் முடிஞ்சிதா, மச்சான்?"

ஓம் என்றேன்.