செத்தவர் எழும்பிய காட்சி

அண்ணை,

இன்று பின்னேரம் உடுப்பிட்டியில் ஒரு நாடக ஒத்திகை. யாரோ மீசை ஒட்டும் பசைப் போத்தலைத் திறந்தார்கள். அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறியதும் என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நீங்கள் இருப்பீர்கள், ஒட்டிய மீசை விழுந்துவிடும் என்று மேலுதட்டை அசைக்காமல் யாரையோ திட்டிக்கொண்டிருப்பீர்கள் என்றுதான் மனம் நம்பியது.

வல்வெட்டித்துறையில் பிறந்தும் கடலில் கால் நனைக்கப் பயந்த மனிதர் நீங்கள். மேடையில் மட்டும் எத்தனை தரம் கடலோடு போனீர்கள்! ஊரை ஆளும் விதானையார், வட்டிக்காரர், கலியாணத் தரகர், தகப்பன் என்று எந்த வேடம் கட்டினாலும் உங்களுக்குச் சாவு நிச்சயம். "கதாநாயகன் அழுகிறதுக்கு ஆரும் சாகத்தானே வேணும்" என்பீர்கள். உங்கள் மேடை மனைவியான நான் பொட்டழித்து அழுதே பெயர் வாங்கியவள். ஒருமுறை என் ஒப்பாரிக்கு நடுவே நீங்கள் குறட்டை விட, அதை மறைக்க நான் இன்னும் குரலெடுத்துக் கதற, சனம் மூக்கைச் சிந்தி அழுதது நினைவிருக்கிறதா? விளக்கணைந்ததும் உங்கள் தோளைத் தட்டி, "அண்ணை, எழும்புங்கோ" என்று சொல்வதும் என் வேலைதான்.

நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தார். மேடையில் செத்து வந்தாலும் செத்தவீட்டுக்குப் போய் வந்த மாதிரித்தான். கிணற்றடியில் தலை முழுகாமல் படியேற முடியாது. மார்கழிப் பனியிலும் வாளி நிறையத் தண்ணீர் காத்திருக்கும். தடிமனோடு வந்து மூக்கால் வசனம் பேசுவீர்கள். உங்கள் நாடகம் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டபோது, "கழுத்திலை தாலியோடை இருந்து உந்தக் காட்சியைப் பாக்கவோ, பிள்ளை?" என்று கேட்டார். பிறகு நான் கூப்பிடவில்லை.

நீங்கள் அதைப் பகிடியாக்கித்தான் திரிந்தீர்கள். நெஞ்சு வருத்தம் வந்து ஆசுப்பத்திரியில் கிடந்தபோதுதான் பகிடியில்லாமல் ஒன்று சொன்னீர்கள். "நான் என்ன வேலை செய்தனான் எண்டு என்ரை மனிசி ஒருக்காவும் காணேல்லை." எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் குறும்படம் வந்தது. போரில் இடம்பெயர்ந்து நெடுங்காலம் கழித்து மயிலிட்டியில் தன் காணியைப் பார்க்க வரும் கிழவர் நீங்கள். கூட வரும் தங்கச்சி நான். ஒருவழியாக உங்கள் விதவையாகாமல் தப்பினேன். கதைப்படி, கூரையில்லாத வீட்டின் நிலத்தில் படுத்து நீங்கள் அப்படியே கண்ணை மூடிவிட வேண்டும். படம் எடுத்த தம்பி நல்ல பிள்ளை, ஆனால் அந்தச் சாவில்தான் படமே இருக்கிறது என்று ஒரே பிடியாக நின்றார். நீங்கள் வாதாடவில்லை. கமரா ஓடியது. படுத்தீர்கள், கண்ணை மூடினீர்கள். நெஞ்சு அசைகிறதா என்று நான் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி நிறுத்தச் சொல்ல முதல் நீங்கள் எழும்பி, இடுப்பில் கட்டிய சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "பிள்ளை, கிணத்திலை தண்ணி கிடக்கோ எண்டு பார். தேத்தண்ணி வைப்பம்" என்றீர்கள். எழுத்தில் இல்லாத வசனம். "ஓம் அண்ணை" என்று நான் சொன்னதும் எழுத்தில் இல்லை.

தம்பி கோபத்தோடுதான் வந்தார். "வீடு பாக்க வந்தவன் ஏன் தம்பி சாகவேணும்?" என்று கேட்டீர்கள். அவர் காட்சியைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். இரண்டாம் முறை எடுக்கவில்லை.

படம் காட்டிய அன்று அக்காவை நான்தான் கூட்டிப் போனேன். சாவில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தும், திரையில் நீங்கள் படுத்ததும் அவர் பிடித்த பிடியில் என் கை நொந்தது. நீங்கள் எழும்பினீர்கள். அவர் விட்ட மூச்சு முன்வரிசைக்கும் கேட்டிருக்கும். வெளியே வந்து, பக்கத்தில் நின்ற உங்களைக் காணாதவர் போல என்னிடம், "மனிசன் நல்லாத்தான் நடிக்குது" என்றார். நீங்கள் உங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அன்று கிணற்றடியில் வாளி இல்லை. நேரே படியேறினீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். தலைமாட்டில் நின்றபோது விளக்கணைந்ததும் நான் சொல்லும் அந்த வார்த்தை பழக்கதோஷத்தில் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அழுதேன், ஆனால் நெஞ்சில் பாரம் இல்லை. காண வேண்டியவர் கண்டுவிட்டார் என்ற நிம்மதி இன்றும் எனக்கு இருக்கிறது.

இன்றைய ஒத்திகையிலும் ஒரு தகப்பன் செத்தார். காட்சி முடிந்ததும் மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போய்விட்டார்கள். நான் குனிந்து அவர் தோளைத் தட்டினேன்.

"அண்ணை, எழும்புங்கோ."

அவருக்கு என் மகனின் வயது. சிரித்துக்கொண்டே எழும்பினார்.